தண்டுவடக் காயமும் சுயவாழ்வும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் தென்னையும் செழித்து வளர்கின்றன. இப்பயிர்களுக்குப் பின்னால் நிற்கும் உழைப்பு அபாயமற்றது அன்று. தென்னை மரத்திலிருந்து தவறி விழுவோர் உண்டு. கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் விழுவோர் உண்டு. கட்டடச் சாரத்திலிருந்து சறுக்குவோரும், தலைச்சுமையுடன் ஈர வரப்பில் வழுக்கி வீழ்வோரும், சாலையில் இருசக்கர வாகனத்தோடு தூக்கியெறியப்படுவோரும் உண்டு. இவர்களுள் பலர் கை முறிவு, கால் முறிவுடன் தப்பி மீண்டும் வயலுக்குத் திரும்புகின்றனர். சிலருக்கு மட்டும் முதுகெலும்பு முறிந்து, அதனுள் இருக்கும் தண்டுவடம் நசுங்கிவிடுகிறது.

அவ்வாறு காயம் பட்டவர் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும்போது அவருடைய கால்கள் அசைவதில்லை. இடுப்புக்குக் கீழே தொட்டாலும் தெரிவதில்லை. சிறுநீரும் மலமும் தம்மையறியாமல் வெளியேறுகின்றன. குடும்பத்தார் கயிற்றுக் கட்டிலை வீட்டின் பின்கட்டில் போட்டு அவரைக் கிடத்துகின்றனர். உறவினர் முதலில் வந்து பார்க்கின்றனர். பிறகு வருகை குறைகிறது. கால் நடவாமையைவிட, ஆடை நனைந்துவிடுமே, துர்நாற்றம் வீசுமே என்னும் கூச்சம்தான் அவரைத் தெருவுக்கு வரவொட்டாமல் தடுக்கிறது. ஈரத்துக்கு அஞ்சி அவர் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக் கொள்கிறார். அதனால் தீங்கு பெருகுகிறது.

இந்நிலை விதியின் விளைவு என்று எண்ணி நாம் வாளாவிருத்தல் தகாது. தண்டுவடக் காயம் பட்டவர் முறையான பயிற்சி பெற்றால் தம் சிறுநீரையும் மலத்தையும் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம்; சக்கர நாற்காலியில் அமர்ந்து ஊருக்குள் செல்லலாம்; தொழில் செய்து குடும்பத்துக்குத் துணையாகலாம். அதற்கான வழிமுறைகளைப் பஞ்சாயத்துப் பணியாளரும் விவசாயப் பெருமக்களும் தெரிந்துகொள்ளும் பொருட்டு இங்கே விளக்குவோம்.

தண்டுவடம் என்பது யாது?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட எலும்புகளும், அவற்றின் கீழே ஒன்றோடொன்று இணைந்துவிட்ட எலும்புகளும் சேர்ந்ததே முதுகெலும்பு. இவ்வடுக்கின் நடுவே உள்ள குழலில், மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை செல்கிறது. இதுவே தண்டுவடம். ஏறத்தாழ ஒரு முழ நீளமும் சுண்டுவிரல் பருமனும் உடையது. இதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. ‘காலைத் தூக்கு’ என்னும் மூளையின் கட்டளை இதன் வழியே இறங்குகிறது. ‘காலில் முள் குத்தியது’ என்னும் செய்தி இதன் வழியே ஏறுகிறது.

தலைமதகிலிருந்து கடைமடை வரை செல்லும் வாய்க்கால் எவ்விடத்தில் உடைந்ததோ, அதற்குக் கீழே உள்ள வயல்களுக்குத்தானே நீர் பாயாது! தண்டுவடமும் அத்தகையதே. கழுத்துப் பகுதியில் காயம் ஏற்பட்டால் கைகளும் கால்களும் ஆகிய நான்கும் பாதிக்கப்படும். மார்பிலோ அதற்குக் கீழோ காயம் ஏற்பட்டால் கைகள் வலிமையுடன் இருக்கும், கால்கள் செயலிழக்கும். சிறுநீருக்கும் மலத்துக்கும் உரிய நரம்புகள் தண்டுவடத்தின் அடிக்கோடியில் பிரிகின்றன. அவை கடைமடை வயலைப் போன்றவை. ஆகவே காயம் எவ்விடத்தில் நேர்ந்தாலும் இவ்விரு செயல்களும் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன.

முறிந்த எலும்பு கூடும். முற்றிலும் நசுங்கிய தண்டுவடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. காயம் முழுமையானதாக இல்லாவிடில் முதல் சில மாதங்களில் ஓரளவு உணர்ச்சியும் அசைவும் திரும்புவதுண்டு. எண்ணெய்க் கட்டு, வேர், சூரணம் என்று ஊர் ஊராய் அலைந்து நிலத்தை விற்பவர்களை நாம் காண்கிறோம். அப்பணமும் காலமும் பயிற்சிக்குச் செலவிடப்பட்டால் நிச்சயமான பலன் கிட்டும்.

மாறிய நம்பிக்கை

முற்காலத்தில் இக்காயம் மரணத்துக்குச் சமமாகக் கருதப்பட்டது. பண்டைய எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, இது சிகிச்சைக்கு உரியதன்று என்றே கைவிட்டது. முதல் உலகப் போரில் தண்டுவடக் காயம் பட்ட வீரர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே மாண்டனர். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் காயம் அன்று. பின்னர் வந்த படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே காரணம்.

இந்த எண்ணத்தை மாற்றியவர் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர். நாஜி ஆட்சிக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்து சென்ற அவர், 1944ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தல், சிறுநீரை ஒழுங்காக வெளியேற்றுதல், உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி ஆகியவையே அவருடைய முறை. 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்று, சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு அவர் வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து அதுவே. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடி பட்ட நம் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972ஆம் ஆண்டு ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார்.

நம் பக்கத்திலேயே சிறந்த உதாரணங்கள் உள்ளன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு நேர்ந்த வாகன விபத்தில் இரு கால்களின் செயலையும் இழந்தார். எனினும் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமை தாங்கினார். அவர் முயற்சியால் 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவர் 1981ஆம் ஆண்டு தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். அது இன்று தண்டுவடக் காயம் பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் தொண்டு புரிந்து வருகிறது.

நம் புதுவைக் கடலும் இக்கதையில் இடம் பெறுகிறது. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணித் தலைவியாக இருந்த பிரீத்தி சீனிவாசன், 1998ஆம் ஆண்டு கல்லூரிச் சுற்றுலாவாக இங்கு வந்தபோது கடலில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவர் 2013ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்னும் அறக்கட்டளையை நிறுவித் தம்மைப் போன்றோருக்கு உதவி வருகிறார்.

விபத்து நேர்ந்த இடத்தில்

பாதி சேதம் விழும்போது நேர்கிறது என்றால், மீதிச் சேதம் பதற்றத்தில் தூக்கும்போது நேரக்கூடும். தோப்பில் விழுந்தவரைக் கைகளையும் கால்களையும் பற்றித் தூக்கினால் முறிந்த எலும்பு தண்டுவடத்தை மேலும் நசுக்கும். ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வோர் ஊரிலும் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

1. முதலில் மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சே எல்லாவற்றிலும் முதன்மையானது.

2. விழுந்தவரை உட்காரவைக்கவோ நிற்கவைக்கவோ கூடாது. தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

3. 108 எண்ணுக்கு உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்தோ, ஆட்டோவில் மடக்கிப் படுக்கவைத்தோ கொண்டு செல்லலாகாது.

4. இடம் மாற்றியே தீர வேண்டுமாயின் நான்கைந்து பேர் சேர்ந்து, மரக்கட்டையை உருட்டுவது போல் உடலை ஒரே வீச்சில் பக்கவாட்டில் திருப்பி, கதவுப் பலகையையோ பெஞ்சுப் பலகையையோ அடியில் செருகி, அதன்மேல் கிடத்தித் தூக்க வேண்டும்.

5. வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றக் கூடாது.

சிறுநீர்ப்பையும் ஏரியும்

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் பெண்ணையாற்று நீர் பாகூர் ஏரியை நிரப்புகிறது என்பதை அப்பகுதி விவசாயிகள் அறிவர். ஏரி நிரம்பியதும் உரிய காலத்தில் மதகு திறக்கப்படுகிறது. நம் உடலிலும் இவ்வேற்பாடு உண்டு. இரு சிறுநீரகங்களிலிருந்து இரு குழாய்கள் வழியே நீர் இறங்கிச் சிறுநீர்ப்பையில் தேங்குகிறது. அடியில் உள்ள தசை மதகு போல் மூடியிருக்கிறது. பை நிரம்பியதும் மூளைக்குச் செய்தி போகிறது. மூளை கட்டளையிட்டதும் பை சுருங்குகிறது. அதே நேரத்தில் மதகு திறக்கிறது.

தண்டுவடம் அறுந்ததும் மதகுக்காரனுக்குச் செய்தி எட்டுவதில்லை. காயம் பட்ட முதல் சில வாரங்களில் சிறுநீர்ப்பை முற்றிலும் சோர்ந்து கிடக்கும். அப்போது நீர் தானாக வெளியேறாது. ஆகவே மருத்துவமனையில் கதீட்டர் என்னும் வடிகுழாயைப் பொருத்தி நீரை வெளியேற்றுவர். அதன்பின் நிலைமை இரு வகையாகப் பிரிகிறது. காயம் மேற்பகுதியில் இருந்தால் சிறுநீர்ப்பை எவர் கட்டளையும் இன்றித் திடீர் திடீரென்று சுருங்கும். அப்போது மதகு திறவாமல் இறுகிக்கொள்வதும் உண்டு. காயம் அடிக்கோடியில் இருந்தால் பை தளர்ந்தே இருக்கும். நிரம்பி வழிவது போல் நீர் சொட்டும்.

மதகு திறவாத ஏரியில் நீர் ஏறிக்கொண்டே போனால் அது வரத்து வாய்க்காலில் எதிர்த்து ஏறும் அல்லவா? அவ்வாறே சிறுநீரும் மேல்நோக்கி எதிர்த்துச் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன, கற்கள் உண்டாகின்றன. வெளியே ஈரமாகிறதே என்று மட்டும் நாம் கவலைப்படுகிறோம்; உள்ளே சிறுநீரகம் ஓசையின்றி அழிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே சிறுநீர்ப் பயிற்சியின் நோக்கம் இரண்டு: சிறுநீரகத்தைக் காத்தல், ஆடை நனையாமல் இருத்தல்.

இவ்விரண்டையும் நிறைவேற்றும் எளிய முறை 1972ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் என்பவரால் உலகுக்கு எடுத்துரைக்கப்பட்டது. வடிகுழாயை உடலுக்குள் நிரந்தரமாக வைத்திராமல், சில மணிகளுக்கு ஒருமுறை நோயாளியே அதனைச் செலுத்தி நீரை முழுதும் வடித்துவிட்டு எடுத்துவிடுவதே அம்முறை. இதற்கு அறுவைச் சிகிச்சை அறையின் கிருமிநீக்கம் தேவையில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்ட சாதாரணத் தூய்மையே போதும் என்று அவர் காட்டினார். நீர் தேங்காமல் இருப்பதே கிருமிக்குப் பெரும் பகை என்பது அவர் கொள்கை. செலவு குறைந்த இம்முறை கிராமங்களுக்கு மிகவும் ஏற்றது.

செய்முறை

மருத்துவமனையில் செவிலியர் முன்னிலையில் சில நாட்கள் பழகிய பிறகே வீட்டில் செய்ய வேண்டும். படிகள் வருமாறு:

முதலில் கைகளைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். பிறப்புறுப்பையும் சோப்பு நீரால் கழுவித் துடைக்க வேண்டும். குழாயின் நுனியில் மருத்துவர் தந்த வழவழப்பான ஜெல்லைத் தடவ வேண்டும். ஆண்கள் உறுப்பை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்துக் குழாயை மெதுவாகச் செலுத்த வேண்டும். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகியது. தொடக்கத்தில் சிறு கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பழகினால் பிறகு விரல் தடவியே செய்ய இயலும். நீர் வரத் தொடங்கியதும் குழாயை இன்னும் சிறிது உட்செலுத்தி, நீர் முழுதும் நின்றபின் மெல்ல மெல்ல வெளியே எடுக்க வேண்டும். எவ்விடத்திலேனும் தடை ஏற்பட்டால் பலவந்தம் செய்யலாகாது. ஆழ்ந்து மூச்சு விட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும். இரத்தம் வந்தாலோ குழாய் நுழையாவிட்டாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை, அதாவது நாளொன்றுக்கு நான்கைந்து முறை இதனைச் செய்ய வேண்டும். ஒரு வேளையில் 400 முதல் 500 மில்லி லிட்டருக்கு மேல் நீர் தேங்க விடலாகாது. அதற்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைத்துக் கொள்ள வேண்டும். ஒருமுறை உபயோகித்து எறியும் குழாய்களே சிறந்தவை. வசதி இல்லாதவர்கள் மருத்துவர் அனுமதியுடன் குழாயைச் சோப்பு நீரால் உள்ளும் புறமும் கழுவி, உலர்த்தி, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வைத்து மீண்டும் உபயோகிக்கின்றனர். ஒருவர் குழாயை மற்றொருவர் உபயோகித்தல் கூடவே கூடாது.

தண்ணீர் குடிப்பதிலும் ஒழுங்கு தேவை. நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர் குடிக்கலாம். கோடையில் வியர்வைக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளலாம். ஒரே வேளையில் ஒரு செம்பு முழுவதும் குடியாமல் நாள் முழுதும் பிரித்துக் குடிக்க வேண்டும். மாலைக்குப் பிறகு குறைத்துக் கொண்டால் இரவுத் தூக்கம் கெடாது. முதல் சில வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குடித்த அளவு, வடித்த நேரம், வடித்த அளவு, இடையில் நனைந்ததா என்பவற்றைக் குறித்துவர வேண்டும். பால் சங்கத்தில் கணக்கு எழுதுவது போன்ற எளிய வேலையே இது. இக்கணக்கைப் பார்த்தே மருத்துவர் நேரங்களை மாற்றி அமைப்பார். இடையிடையே நனைகிறது என்றால் சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரைகள் உண்டு. அவற்றை அவர் எழுதிக் கொடுப்பார்.

அடிவயிற்றைக் கையால் அமுக்கி நீரை வெளியேற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. மதகு இறுகியிருக்கும்போது ஏரியை அமுக்கினால் நீர் எங்கே போகும்? சிறுநீரகத்தை நோக்கித்தான் போகும். ஆகவே மருத்துவர் சொல்லாமல் அவ்வாறு செய்யலாகாது. கழுத்துக் காயத்தால் விரல்கள் செயலிழந்தவர்களுக்கு வீட்டார் ஒருவர் குழாய் செலுத்தக் கற்றுக்கொள்ளலாம்; அல்லது மருத்துவர் வேறு ஏற்பாடு செய்வார். எம்முறையைப் பின்பற்றினாலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரகங்களை ஸ்கேன் செய்தும் இரத்தத்தைச் சோதித்தும் பார்த்துக்கொள்வது அவசியம்.

குளிர் ஜுரம், நீர் கலங்கித் துர்நாற்றம் வீசுதல், வழக்கத்துக்கு மாறாக நனைதல், கால்கள் முன்னைவிட அதிகமாக வெட்டி இழுத்தல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். இவை தோன்றியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்கலாகாது.

மலம் கழித்தலில் ஒழுங்கு

மலப்பையையும் நேரத்துக்குப் பழக்கலாம். நாள்தோறுமோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ, ஒரே நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் சூடான கஞ்சியோ காப்பியோ அருந்தியபின் இருபது முப்பது நிமிடத்தில் குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும். அந்நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். படுத்தபடி கழிப்பதைவிட, நடுவில் துளையிட்டு விளிம்பில் மெத்தை வைத்துத் தைத்த நாற்காலியில் உட்கார்ந்து கழிப்பது எளிது.

மேற்பகுதிக் காயம் உள்ளவர்களுக்கு, கையுறை அணிந்து ஜெல் தடவிய விரலால் ஆசனவாயின் உட்புறத்தை மெதுவாக வட்டமாகத் தடவினால் குடல் தானே சுருங்கி மலத்தை வெளித்தள்ளும். ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் இதற்கு உதவும். அடிக்கோடிக் காயம் உள்ளவர்களுக்கு அவ்வாறு சுருங்காது; அவர்கள் நாள்தோறும் விரலால் எடுத்துவிடுவதே முறை. கேட்பதற்கு அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் காலையில் இருபது முப்பது நிமிடம் இவ்வாறு செலவிட்டவர் நாள் முழுதும் அச்சமின்றிச் சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கீரை, கேழ்வரகு, வாழைப்பழம், பயறு வகைகள் முதலிய நார்ச்சத்துள்ள உணவு மலத்தைப் பதமாக வைக்கும்.

படுக்கைப் புண்

நாம் ஒரே இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்தால் வலிக்கிறது. உடனே அசைந்து கொள்கிறோம். உணர்ச்சி இல்லாதவருக்கு அந்த எச்சரிக்கை கிட்டுவதில்லை. எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்தம் ஓடாமல் சதை அழுகுகிறது. முதுகின் அடி, இடுப்புப் பக்கம், உட்காரும் எலும்பு, குதிகால் ஆகியவை அபாயமான இடங்கள். ஈரத் துணியில் கிடந்தால் தோல் ஊறி இன்னும் விரைவில் கிழியும்; ஆகவே சிறுநீர்க் கட்டுப்பாடும் புண் தடுப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை.

படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பிப் படுக்க வேண்டும். நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறையேனும் கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ, பக்கவாட்டில் சாய்ந்தோ அழுத்தத்தை நீக்க வேண்டும். காலையும் இரவும் கண்ணாடியில் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்புத் தெரிந்தால் அது மறையும் வரை அவ்விடத்தில் பாரம் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை வாங்கிக் கொடுப்பதுண்டு. அது வளையத்தைச் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் நல்லதன்று. தடித்த நுரை மெத்தையே ஏற்றது. சூடான பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்வதும், வெயிலில் காய்ந்த தரையில் கால் வைப்பதும் உணராமலே கொப்புளம் உண்டாக்கும்.

உடனே கவனிக்க வேண்டிய அபாயம்

கழுத்திலும் மார்பின் மேற்பகுதியிலும் காயம் உள்ளவர்களுக்குத் தனியான ஓர் அபாயம் உண்டு. திடீரென்று மண்டை பிளப்பது போன்ற தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல், மயிர்க் கூச்செறிதல் ஆகியவை தோன்றினால் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது என்று பொருள். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, சிறுநீரை வடிக்க வேண்டும். குழாய் ஏற்கெனவே இருந்தால் அது முறுக்கிக்கொண்டதா, அடைத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பையே பெரும்பாலும் இதற்குக் காரணம். மலம் தேங்கியிருப்பதும் காரணமாகலாம். தணியாவிட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இது உயிருக்கே ஆபத்தானது.

வீடும் பாதையும்

சிறுநீரும் மலமும் கட்டுப்பட்டுவிட்டால் அடுத்த தடை வாசற்படி. சில சிறு மாற்றங்கள் பெரும் பயன் தரும். கட்டிலின் உயரமும் சக்கர நாற்காலியின் உயரமும் சமமாக இருந்தால், கைவலிமையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்து கொள்ளலாம். வாசலில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் கணக்கில் சாய்தளம் அமைக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் நாற்காலி பின்னோக்கிச் சரியும். கதவு மூன்றடி அகலமும், நாற்காலி திரும்ப ஐந்தடி இடமும் வேண்டும். கழிப்பறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதிக்க வேண்டும்.

தொழிலைப் பொறுத்தவரை, கைகள் வலுவாக உள்ளவர் தையல், நாற்றங்கால் பைகளில் கன்று வளர்த்தல், கோழி ஆடு வளர்ப்பு, பெட்டிக்கடை, கைபேசிப் பழுது பார்த்தல், சங்கக் கணக்கு எழுதுதல் முதலியவற்றைச் செய்யலாம். திருமணம், குழந்தைப் பேறு ஆகியவையும் மருத்துவ உதவியுடன் சாத்தியமே.

உரிமைகளும் உதவிகளும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கு அரசு வேலைகளில் 4 சதவீதமும், விவசாய நிலம், வீடு ஒதுக்கும் திட்டங்களிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 5 சதவீதமும் ஒதுக்கப்பட வேண்டும். இவற்றைப் பெறத் தனித்துவ ஊன அடையாள அட்டை தேவை. சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி முதலியன மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தின் கீழ்க் கிடைக்கின்றன. புதுச்சேரி சமூக நலத்துறை மாதாந்திர உதவித்தொகை வழங்குகிறது. மருத்துவப் பயிற்சிக்குக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறை உண்டு. வில்லியனூர் பகுதியிலுள்ள இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார நிலையமும் இயங்குகிறது. வேலூர் மறுவாழ்வு நிலையம், பழைய நோயாளிகளை ஒன்றுகூட்டி மறுவாழ்வு மேளா நடத்தும் வழக்கமும் கொண்டது.

பஞ்சாயத்தின் கடமை

தண்டுவடக் காயம் பட்டவர் தாமாக வந்து உதவி கேட்பது அரிது. அவர் பின்கட்டில் கிடக்கிறார். நாம்தான் தேடிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் இத்தகையோர் எத்தனை பேர் என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். அவர்களுக்கு அடையாள அட்டை உண்டா, சிறுநீரகச் சோதனை நடந்ததா, புண் உண்டா என்று ஆஷா ஊழியரும் கிராமச் செவிலியரும் விசாரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பெண்ணாக இருந்தால் பெண் ஊழியரே சென்று பேசுதல் நலம். பஞ்சாயத்து அலுவலகம், நியாய விலைக் கடை, பள்ளி, சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குச் சாய்தளம் அமைப்பது பெருஞ்செலவுள்ள வேலையன்று.

வருமுன் காத்தலும் நம் கையில் உள்ளது. திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். தென்னை ஏறுவோருக்கு இடுப்புப் பட்டையுடன் கூடிய ஏறும் கருவியை விவசாயிகள் கூட்டாக வாங்கிக் கொடுக்கலாம். தென்னை வளர்ச்சி வாரியத்தின் விபத்துக் காப்பீட்டில் அவர்களைச் சேர்க்கலாம். ஆழம் தெரியாத குளத்தில் தலைகீழாகக் குதிக்கலாகாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

ஏரிக்கரை உடைந்தால் ஊர் முழுவதும் மண்வெட்டியுடன் திரளும் பழக்கம் நம்மிடம் உள்ளது. உடைந்தது ஒரு மனிதரின் முதுகெலும்பாயின் நாம் வீட்டுக்குள்ளே விட்டுவிடலாமா? ஒரு வடிகுழாய், ஒரு கட்டிச் சோப்பு, ஒரு நோட்டுப் புத்தகம், வாசலில் ஒரு சாய்தளம் ஆகிய இவ்வளவு சிறிய சாதனங்கள் ஒருவரைப் பின்கட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து தொழிலுக்கும் கொண்டுவரப் போதுமானவை. அடுத்த கிராமக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசுமாறும், அக்கூட்டத்துக்கு அவர்களையே அழைத்து வருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.